ஆறுதல் சொல்ல ஒரு பட்டப் படிப்பா?

கேள்வி: நாங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாமில் குடியிருக்கிறோம். மூத்த மகள் எஸ்டிபிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டாள். யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி எடுத்துப் படித்து, பிறகு மனநலத் துறையில் வேலை செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "நாலு பேரு கஷ்டத்தைக் கேட்டு ஆறுதல் சொல்ல எதுக்கு யுனிவர்சிட்டி? உங்கம்மா தெருவுக்கே ஆறுதல் சொல்றா, அவ எந்த யுனிவர்சிட்டியில படிச்சா?" என்று மகளைக் கேட்கிறார். எனக்கும் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. இதற்கு உண்மையிலேயே ஏன் இத்தனை வருடப் படிப்பு? இன்னொன்று, அடுத்தவர் துக்கத்தையே கேட்டுக்கொண்டிருந்தால் அவளுக்கும் ஏதாவது ஆகிவிடாதா?
— ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கணவரின் கேள்வியை ரசித்துப் படித்தேன். கிண்டலாகக் கேட்டிருக்கிறார் என்பதற்காக ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அல்ல. சமூகப் பணி படிக்க வரும் மாணவர்களும் முதல் பருவத்திலேயே இதைக் கேட்டுவிடுவார்கள். என்ன, கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில் கேட்பார்கள்.

அவர் சொல்வதில் பாதி சரி. ஆறுதல் சொல்லப் படிப்பு தேவையில்லை. தெருவில் ஒரு வீட்டில் சாவு என்றால் யாருக்கு முதலில் காப்பி போட்டு எடுத்துப் போக வேண்டும், யாரைப் பேசவிட வேண்டும், யார் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கற்றுத்தர எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடம் இல்லை. அவர் பிசகுவது அடுத்த அடியில். சமூகப் பணி என்றாலே ஆறுதல் சொல்வதுதான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார். வீட்டில் நன்றாகச் சமைக்கிறவரை நம்பி ஐந்நூறு பேர் கல்யாணப் பந்தியை யாரும் ஒப்படைப்பதில்லை. கைமணம் இருக்கலாம். அரிசி எத்தனை மூட்டை, எந்த அடுப்பு எத்தனை மணிக்குப் பற்ற வேண்டும், பந்தியில் சாம்பார் தீர்ந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் வேறு கணக்கு.

அந்த வேறு கணக்கு என்ன என்று பார்ப்போம். அதற்கு முன் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் மகள் "மனநலப் பக்கம்" என்று சொன்னதும் வீட்டில் ஆளுக்கொரு படம் ஓடியிருக்கும். மனநல மருத்துவர் என்பவர் முதலில் மருத்துவம் படித்து, அதன்மேல் சிறப்புப் படிப்பும் முடித்தவர். மருந்து எழுதுபவர் அவர்தான். மருத்துவ உளவியலாளர் உளவியலில் பட்டம் பெற்று, அதற்கு மேல் முதுகலையும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தவர். சோதனைகள் செய்வார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். ஆலோசகர், அதாவது கவுன்சிலர், என்று நம் மலேசியாவில் பெயர்ப்பலகை போட வேண்டுமானால் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். சமூகப் பணியாளர் இவர்களில் யாரும் இல்லை. நோயாளி எந்த வீட்டுக்கு, எந்த வேலைக்கு, எந்தக் கடனுக்கு, எந்த உறவுகளுக்கு நடுவே திரும்பிப் போகிறாரோ, அந்த இடத்தில் வேலை செய்பவர். பத்து நிமிடத்தில் மருத்துவர் எழுதித் தரும் மருந்து, மறுபடி மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை அந்த வீட்டில் என்ன பாடுபடுகிறது என்பது இவருடைய பாடு.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாயா தெருபோங் பக்கம் ஒரு அடுக்குமாடி. மகனுக்கு 24 வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. சில மாதங்களாகத் தன்னைப் பற்றி யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்கிறான். வேலைக்குப் போவது நின்றது. முதலில் கோவில், பிறகு யாரோ சொன்ன ஒரு மந்திரவாதி, கடைசியில் பினாங்கு மருத்துவமனை. மனச்சிதைவு என்று சொன்னார்கள். அதாவது எண்ணமும் புலனும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் நோய். சொல்லாத குரல் கேட்கும், இல்லாத பகை தெரியும். சில வாரம் வைத்திருந்து, குரல்கள் அடங்கியதும் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா விடிகாலையில் இடியப்பக் கடை போடுகிறவர். அப்பா இரவுக் காவலர். தங்கை படிவம் ஐந்து.

இந்த வீட்டுக்குத் தெருவிலிருந்து ஆறுதல் நிறைய வரும். "கவலப்படாத, எல்லாம் சரியாப் போயிடும்." "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா தெளிஞ்சிடும்." "மருந்த ரொம்ப நாள் குடுக்காத, மூள கெட்டுடும்." மூன்றும் அன்பிலிருந்து வருபவைதான். கடைசி இரண்டும் ஒரு வாழ்க்கையைக் கெடுக்கக்கூடியவை. இரண்டாவதுக்கு ஒப்புக்கொண்டால் இரண்டு வாழ்க்கை.

பயிற்சி பெற்றவர் அந்த வீட்டுக்குப் போனால் கவனிக்கும் விஷயங்களே வேறு. மருந்து எங்கே இருக்கிறது? அவன் கையிலா, அம்மாவின் சமையலறை அலமாரியிலா? மறுபடி மருத்துவமனைக்கு வர வேண்டிய நாள் அம்மாவின் வியாபார நாளா? அரசு நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஐந்து வெள்ளிதான் கட்டணம். ஆனால் அன்று கடை போடாவிட்டால் போகும் வருமானம் ஐந்து வெள்ளி இல்லையே. தொழிற்சாலையில் அவனுக்கு சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா பிடித்திருப்பார்கள். சந்தா செலுத்திய காலம் போதுமானால், வேலை செய்யவே முடியாத நிலையில் இயலாமை ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. வீட்டில் யாருக்காவது அது தெரியுமா? மனநலக் குறைபாட்டுக்கும் சமூகநல இலாகா ஓகேயு என்ற மாற்றுத்திறனாளி அட்டை தருகிறது. ஆனால் நோய் வந்த உடனே கிடைக்காது, குறைந்தது 2 ஆண்டு சிகிச்சை எடுத்த பிறகுதான் நிபுணர் சான்றளிப்பார். அதுவரைக்கும் என்ன வழி? தங்கை எந்த அறையில் படிக்கிறாள்? அவள் தூங்குகிறாளா? அம்மா கடைசியாக ஒரு முழு இரவு தூங்கியது எப்போது?

இதற்கு உடல்-உள-சமூக நோக்கு என்று பெயர். நோயை உடலிலும் மனத்திலும் சூழலிலும் ஒருசேரப் பார்க்க வேண்டும் என்ற கருத்து. ஜார்ஜ் ஏங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1977-இல் இதற்கு ஒரு திட்டமான வடிவம் கொடுத்தார். கேட்கும்போது யாருக்கும் தெரிந்த விஷயமாகத்தான் தோன்றும். அந்தப் பிளாட்டில் நின்றுகொண்டு மூன்றையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருப்பது அவ்வளவு சுலபமில்லை.

சரி, இதெல்லாம் தகவல்தானே, ஒரு கையேடு அச்சடித்துக் கொடுத்தால் போதாதா என்று உங்கள் கணவர் அடுத்ததாகக் கேட்பார். அவர் அப்படிக் கேட்பவராகத்தான் தெரிகிறார். இலாகாக்களும் படிவங்களும் ஆறு மாதத்தில் பழகிவிடும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். காலம் பிடிப்பது வேறொன்றுக்கு. அறிவுரை சொல்லும் பழக்கத்தை ஒருவரிடமிருந்து எடுக்கத்தான் ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

சிரிக்காதீர்கள், உண்மை. சமூகப் பணி மாணவர்களைக் களப் பயிற்சிக்கு அனுப்பும்போது ஒரு வேலை கொடுப்பது வழக்கம். உரையாடல் பதிவு என்று சொல்லலாம். ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்ததும், யார் என்ன சொன்னார் என்பதை நினைவிலிருந்து வரி வரியாக எழுத வேண்டும். பக்கத்துக் கட்டத்தில், அந்த வரியைச் சொல்லும்போது தனக்குள் என்ன ஓடியது என்று எழுத வேண்டும். மூன்றாவது கட்டம் மேற்பார்வையாளருக்கு. மேலே சொன்ன இடியப்பக் கடை அம்மாவை ஒரு மாணவி பார்த்ததாக வைத்துக்கொண்டு ஒரு மாதிரி தருகிறேன்.

தாய்: "பதினொரு மணி வரைக்கும் எழுந்திரிக்கவே மாட்டேங்கிறான். குளிக்க மாட்டேங்கிறான். நோயெல்லாம் போயிடுச்சுல்ல? இப்ப இருக்கிறது சோம்பேறித்தனம்தான்."
மாணவி: "அப்படிச் சொல்லாதீங்கம்மா. அது சோம்பேறித்தனம் இல்ல, நோயோட அறிகுறிதான்."
தாய்: "ம்."

மாணவி தன் கட்டத்தில் எழுதுகிறாள்: 'தவறான புரிதலைத் திருத்தினேன். திருப்தியாக இருந்தது.' அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மனச்சிதைவில் குரல் கேட்பது போன்றவை அடங்கிய பிறகும், எதிலும் நாட்டமின்மை, முகத்தில் உணர்ச்சி வறட்சி, எழுந்து ஒரு காரியம் தொடங்க முடியாமை போன்றவை தங்கிவிடும். எதிர்மறை அறிகுறிகள் என்பார்கள். இருக்க வேண்டியது இல்லாமல் போவதால் அந்தப் பெயர். தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண். ஆனால் மேற்பார்வையாளர் மூன்றாவது கட்டத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுகிறார்: 'இதற்குப் பிறகு அந்த அம்மா எத்தனை வாக்கியம் பேசினார்?'

ஒன்றுகூட இல்லை. தேநீர் போட எழுந்து போய்விட்டார்.

அடுத்த சந்திப்பில் மாணவி வேறு மாதிரி முயல்கிறாள். "காலையில வீட்ல என்ன நடக்கும்னு சொல்லுங்கம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாள். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்தக் கட்டத்தில் அவள் எழுதியதைப் பார்த்தால் தெரியும். அம்மா சொல்கிறார். விடிகாலையில் எழுந்து மாவு பிசைவது, கடை, பதினொரு மணிக்குத் திரும்புவது, போட்டது போட்டபடி அவன் படுத்திருப்பது. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கப்புறம் இவன யாரு பாப்பா?" என்கிறார். சோம்பேறி என்று திட்டியதற்குள் இருந்தது இந்தப் பயம். எதிர்மறை அறிகுறி பற்றி விளக்க இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது. இப்போது சொன்னால் காதில் ஏறும்.

இப்படி ஒரே ஒரு பதிவு மட்டுமில்லை, படிப்புக் காலம் முழுக்க எழுதி எழுதித் திருத்தப்பட வேண்டும். நமக்கு வாய் துறுதுறுக்கும் இடங்களெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளும். யாருடைய அழுகை நமக்குத் தாங்கவில்லை, எந்த மாதிரி அப்பாவைப் பார்த்தால் கோபம் வருகிறது, எங்கே நாமே பேசி மௌனத்தை நிரப்புகிறோம் என்பதெல்லாம். புத்தகத்தில் படித்து இது வராது, தனியாக வேலை செய்தும் வராது. இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் மேற்பார்வை என்று பெயர். அது கண்காணிப்பு மட்டுமில்லை.

"சோம்பேறி" என்று அம்மா திட்டுவதற்குப் போய் இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று நினைக்கலாம். இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனைகளில் நீண்ட காலம் இருந்துவிட்டு வெளியே போன ஆண்களின் நிலையைத் தொடர்ந்து பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள்தான் நன்றாக இருப்பார்கள் என்று யாரும் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. வாடகை விடுதியில் தங்கியவர்களும் கூடப்பிறந்தவர்களோடு போனவர்களும் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

ஏன் என்று பிரவுனும் அவருடைய குழுவும் மேலும் சில ஆண்டுகள் துருவினார்கள். வீட்டார் நோயாளியைப் பற்றிப் பேசும் விதத்தை ஒலிப்பதிவு செய்து, மூன்று விஷயங்களைத் தேடினார்கள்: குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைத்தல். இவற்றைச் சேர்த்து வெளிப்படும் உணர்ச்சி என்றார்கள். வீட்டுக்குள் நோயாளியின் மேல் கொட்டப்படும் உணர்ச்சியின் அளவு என்று புரிந்துகொள்ளுங்கள். 1972-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இது அதிகமாக இருந்த வீடுகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. குறைவாக இருந்த வீடுகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான்.

இதைக் கேட்டுவிட்டுக் குடும்பம்தான் நோய்க்குக் காரணம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அது தவறு, பல அம்மாக்களை அநியாயமாக அழவைத்த தவறும்கூட. நோய் வருவதற்கு வீடு காரணமில்லை. வந்த நோய் மறுபடி கிளம்புமா அடங்கியிருக்குமா என்பதில் வீட்டுக்குப் பங்கு உண்டு, அவ்வளவுதான். 1980-களில் சண்டிகரில் இதே அளவுகோலைக் கொண்டு பார்த்தபோது, லண்டனைவிட அங்கே குறை சொல்லும் குடும்பங்கள் குறைவாக இருந்தன. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் வந்து தங்குவது பல பத்தாண்டு வழக்கம். குடும்பத்தை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, நோயைப் புரியவைத்து, அவர்களுடைய களைப்பையும் கேட்டால் அந்தப் பங்கு நல்லதாகவே அமையும். கேட்பது யார்? மருத்துவருக்கு நேரமில்லை. இதைச் செய்யத்தான் உங்கள் மகள் படிக்கப் போகிறாள்.

கோவில் பற்றியும் ஒரு வார்த்தை. படித்துவிட்டு வரும் இளம் பிள்ளைகள் சிலர், நோயாளி வீட்டில் திருநீற்றையும் தாயத்தையும் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். என் அபிப்பிராயத்தில் அது மோசமான வேலை முறை. தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்ட குடும்பத்திடம் "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்றால், அடுத்த முறை கதவு திறக்காது. மருந்தையும் நேர்த்திக்கடனையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு போக முடியும். பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான் போகின்றன. மருந்தை நிறுத்தச் சொல்லும் மந்திரவாதியிடம் மட்டும் கண்டிப்பு வேண்டும். எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே கூடாது என்பதும் படிப்பின் ஒரு பகுதி.

இப்போது உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டிய, எனக்கு எல்லாவற்றிலும் கனமாகத் தோன்றும் காரணத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அன்பு மட்டும்தான் உண்டு; உங்கள் மகள் நாளை ஆகக்கூடிய சமூகநல அதிகாரிக்குச் சட்டத்தின் அதிகாரம் உண்டு. 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நடைமுறைக்கு வந்தது 2010-இல். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கக்கூடியவர் என்று நம்பக் காரணம் இருந்தால், ஒருவரைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் அதிகாரத்தை அந்தச் சட்டம் போலீசுக்கு மட்டுமில்லை, சமூகநல அதிகாரிக்கும் தருகிறது. அதே 2001-இன் சிறார் சட்டத்தில், ஆபத்தில் இருக்கும் ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்துத் தற்காலிகக் காவலில் வைக்கும் அதிகாரம் பாதுகாவலர் என்று நியமிக்கப்பட்ட சமூகநல அதிகாரிக்கு உண்டு.

யோசித்துப் பாருங்கள். ஒரு தாயின் கையிலிருந்து பிள்ளையை வாங்குவதா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். எடுத்தாலும் தவறாகலாம், எடுக்காவிட்டாலும் தவறாகலாம். நல்ல மனசு போதும் என்று சொல்லி இந்த வேலையை யாரிடம் கொடுப்பீர்கள்?

தற்கொலை பற்றியும் சொல்லியாக வேண்டும். அதைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, படித்தவர்களிடமும் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராக, பதறாமல் கேட்பது எண்ணத்தைத் தூண்டுவதில்லை, சொல்ல முடியாமல் தவித்தவருக்குப் பல நேரம் அது ஒரு விடுதலை. ஆனால் பதறாமல் கேட்கவும், பதில் "ஆமா" என்று வந்தால் அடுத்துக் கேட்க வேண்டியதைக் கேட்கவும் பழக வேண்டும்: எப்படி, எப்போது, கையில் என்ன இருக்கிறது, கூட யார் இருக்கிறார். நம் நாட்டில் தற்கொலை முயற்சி 2023 வரை தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்படி குற்றம். அந்த ஆண்டு மே மாதம் மக்களவையில் அதை நீக்கும் திருத்தம் நிறைவேறியது. போலீசுக்குப் பயந்து எத்தனை வீடுகள் மூடி மறைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சட்டம் போனாலும் அந்தப் பயம் உடனே போகாது. உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இந்த நெருக்கடி இருந்தால், சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் எண்ணைச் சொல்லுங்கள். குடும்ப வன்முறை, கைவிடப்பட்டோர் பிரச்சினை என்றால் 15999.

ஆள் தேவை இருக்கிறதா என்பதையும் உங்கள் கணவர் கேட்பார். தேசிய சுகாதார ஆய்வில் 2019-இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 2023 ஆய்வில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், அது 4.6. சுகாதார அமைச்சு 2011 முதல் மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களை நடத்துகிறது. நோயாளிகளை உலு கிந்தா மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு மறந்துபோகாமல், ஊருக்குள்ளேயே பார்ப்பதும் அவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்து அதில் நிலைக்க வைப்பதும் அங்கே நடக்கின்றன. "தஞ்சோங் ரம்புத்தான்" என்று நாம் கேலிக்கு இழுக்கும் அந்த மருத்துவமனை 1911-இல் தொடங்கியது. சிகிச்சை அங்கிருந்து ஊருக்குள் வர வர, வீடு வீடாகப் போகிறவர்களின் தேவையும் கூடிக்கொண்டே போகிறது. தமிழில் பேசிக் கேட்கக்கூடியவர்கள் அதில் போதவில்லை என்பது என் கருத்து. மருத்துவமனையில் மகனோ மகளோ மொழிபெயர்ப்பாளராக நிற்கும்போது, அம்மா சொல்ல வந்தது பாதிதான் வெளியே வரும்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். இந்தப் படிப்பு மலேசியாவில் முதன்முதலில் தொடங்கியதே உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான். 1969-இல் பிறந்த யூஎஸ்எம், பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாமான மின்டன் வளாகத்தில் 1975-இல் சமூக மேம்பாடும் நிர்வாகமும் என்ற பெயரில் இதைத் தொடங்கியது. பிற்பாடுதான் சமூகப் பணி என்று பெயர் மாறியது. கிரீன் லேன் வழியாக அரை மணி நேரத்தில் போய்விடலாம், நெரிசல் இல்லாத நாள் என்று ஒன்று இருந்தால். வட்டாரத்தில் சென்னை இன்னும் மூத்தது: மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி இன்றும் நடக்கிறது. மும்பையின் டாட்டா நிறுவனமோ 1936-இலேயே ஆரம்பித்துவிட்டது.

ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை. ஆலோசகருக்கு 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. மருத்துவமனைச் சமூகப் பணி அதிகாரியும் மருத்துவ உளவியலாளரும் 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் பொதுவாகச் சமூகப் பணியாளருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவர 2010-இல் அமைச்சரவை ஒப்புக்கொண்டும், அது பல ஆண்டுகள் இழுபட்டது. அதனால் பட்டமே இல்லாதவரும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடிந்தது. உங்கள் கணவரின் கேள்விக்கு இப்படி ஒரு பின்னணியும் உண்டு. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நாடே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்வி. அடுத்தவர் துக்கம் தொற்றிக்கொள்ளுமா? மனநோய் சளிக்காய்ச்சல் போல ஒட்டிக்கொள்வதில்லை. ஆனால் களைப்பு உண்டு. பணிச்சோர்வு என்பார்கள், ஓய்வெடுத்தாலும் போகாத அலுப்பு, எதைக் கேட்டாலும் மனம் மரத்துப் போவது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஆபத்து படித்தவரைவிடப் படிக்காமல் ஆறுதல் சொல்பவருக்கு அதிகம். தெருவில் எல்லாருடைய ரகசியமும் உங்களிடம் இருக்கிறது. உங்களுக்கு மேற்பார்வையாளர் இல்லை, வேலை நேரம் இல்லை, கதவைச் சாத்தும் உரிமையும் இல்லை. இரவு பதினொரு மணிக்கும் வருவார்கள். உங்கள் மகளுக்கு இந்த மூன்றும் இருக்கும். எத்தனை குடும்பம் கையில் வைத்துக்கொள்ளலாம், எதை யாரிடம் ஒப்படைக்க வேண்டும், எந்த ரகசியத்தை உயிர் ஆபத்து என்றால் மட்டும் உடைக்கலாம் என்பதற்கெல்லாம் வரம்பு இருக்கும். அவள் கேட்டது ஆயர் ஈத்தாம் பாசாருக்கு வராது என்பதும் அந்த வரம்பில் சேர்ந்தது. பாசாரில் செய்தி எவ்வளவு சீக்கிரம் பரவும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நடைமுறை. எஸ்டிபிஎம் முடிவோடு யூபியு என்ற அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை முறை வழியாக விண்ணப்பிக்கும்போது, சமூகப் பணியோடு உளவியல், ஆலோசனைத் துறை ஆகியவற்றையும் அவள் பார்த்து வைக்கட்டும். ஆனால் மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்து நிரப்ப வேண்டாம். உளவியல் இளங்கலை மட்டும் முடித்தவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. மேலே முதுகலை தேவை. மருந்தியல், மூளை என்று ஆர்வம் போகிறதென்றால் அது வேறு பாதை. வீடுகளுக்குள் போய் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் சமூகப் பணிதான். கட்டாயக் களப் பயிற்சி எத்தனை வாரம், எங்கெங்கே அனுப்புகிறார்கள், மருத்துவமனை அதில் உண்டா என்று முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். வேறு பல்கலைக்கழகங்களிலும் இது இருக்கிறது. வடக்கே சிந்தோக்கில் யூயூஎம் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் பாடப் பட்டியலைவிட அந்தப் பயிற்சியைப் பார்த்தே நான் தேர்ந்தெடுப்பேன்.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால் இதை ஏன் படிக்க விரும்புகிறாய் என்று நிச்சயம் கேட்பார்கள். "மற்றவர்களுக்கு உதவ ஆசை" என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். கேட்பவர்கள் அன்று காலையிலேயே அதை இருபது பேரிடம் கேட்டுச் சலித்திருப்பார்கள். உங்கள் பிளாட்டிலோ பக்கத்துப் பிளாட்டிலோ லிப்ட் பழுதான வாரத்தில், நடக்க முடியாத ஒரு பாட்டி மருந்து வாங்க எப்படிப் போனார், யார் தூக்கினார்கள், யாரும் தூக்காத நாளில் அந்த மருந்து என்ன ஆனது என்று அவள் கவனித்திருந்தால், அதைச் சொல்லட்டும்.